தினமும் முப்பது கிலோமீட்டர்

பானட்டைத் தூக்கினால் செடி முளைத்து நிற்கிற காரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பதிந்திருக்கும் பள்ளத்தில், பிளாஸ்டிக் சல்லடை மூடியின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, நாலு இலை விட்ட செண்டுமல்லிச் செடி. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஜாண் ஆழத்துக்குக் கறுப்பு மண், தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் நூலும் வாழைநாரும் சிக்கிக் கிடந்தன. அள்ளி முகர்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அது மண்ணே இல்லை. பதினொரு வருடத்துப் பூ.

என் பெயர் தமிழழகன். அரியலூர் செந்துறை ரோட்டில் இருபத்தேழு வருடமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பரும் சிமென்ட் லாரியும்தான் என் பிழைப்பு. கார்க்காரர்கள் என்னிடம் அதிகம் வர மாட்டார்கள். வந்தாலும் நிற்க மாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காதும் அப்படித்தான். லாரி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

கார் அம்சவள்ளியுடையது. என்னிடம் வழக்கமாக லாரி கொண்டுவரும் டிரைவர் மதுரைவீரனின் மனைவி. அவர் வாரத்தில் ஆறு நாள் சிமென்ட் லாரியோடு ரோட்டில் கிடப்பார். இந்தம்மா அரியலூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு பெரம்பலூர் துறைமங்கலத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். அவர்கள் குடும்பத்தில் வாங்கிய முதல் கார் இது. மதுரைவீரனின் அப்பா உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியவர். அந்தக் காட்டுக்காரர் அரங்கநாதன் வீட்டு ஷெட்டில் நின்ற காரைத்தான் மகனும் மருமகளும் வாங்கியிருந்தார்கள். மதுரைவீரன் இதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை. எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

ஜெர்மன்காரன் செய்த கார். கம்பெனி பெயரைச் சொன்னால் ஓசி விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். வெள்ளி நிறம், டீசல். வயது பதினொன்று, ஓடியது எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். டிப்பர் ஓடுகிற ரோட்டில் கீறல் விழுமே என்று பயந்து அரங்கநாதன் அதை ஷெட்டிலேயே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, பானட் மேல் பூ போட்டு, சூடம் காட்டி, ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார்களாம். பூ காய்ந்து கண்ணாடிப் பள்ளத்துக்குள் சரிந்தது. தண்ணீர் வடிகிற துளைகள் அடைபட்டன. அடுத்த வெள்ளிக்கிழமை கழுவிய தண்ணீர் போக வழியில்லாமல் காருக்குள் இறங்கி, டிரைவர் காலடியில் விரிப்புக்குக் கீழே தேங்கி, வயர் முடிச்சுகளையெல்லாம் பச்சை பூக்க வைத்திருந்தது. சாமி கும்பிட்டே ஒரு வண்டியை மூழ்கடித்திருந்தார்கள்.

பழைய கார் விற்கிறவர்கள் வாயில் ஒரு சொல் உண்டு. 'ஓடாத வண்டி சார்' என்பார்கள். கம்மியாக ஓடியது, புதுசு மாதிரி என்று அர்த்தம். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடாத வண்டி என்றால் ஓடாத வண்டிதான். ரப்பர் காய்ந்துபோகும். ஆயிலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பிரேக் பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கிலோமீட்டர் முள் நின்றுவிட்டால் வயசும் நின்றுவிடும் என்று யார் சொன்னார்கள்? இதையெல்லாம் அம்சவள்ளியிடம் கடுகடுவென்று கொட்டினேன். யாரைக் கேட்டு வாங்கினீர்கள், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ஆறு கார் பார்த்தேன் என்றார். ஒவ்வொரு காரிலும் பின்சீட்டில் பலகை வைத்து, அதன் மேல் இந்த டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஓட்டச் சொல்லி, எவ்வளவு சிந்தியது என்று அளந்து பார்த்திருக்கிறார். சிமென்ட் லாரிகள் உழுது போட்ட ரோடு அது. மற்ற ஐந்து கார்களிலும் பாதி டம்ளர் போய்விட்டது. இதில் மட்டும் ஒரு ஸ்பூன்தான் சிந்தியது. காலடியில் தண்ணீர் தேங்கினாலும் வயர் பச்சை பூத்தாலும் அதன் உடம்பு ரோட்டில் அப்படி அமைதியாகப் போயிருக்கிறது.

இருபத்தேழு வருடமாக வண்டியோடு கிடக்கிற எனக்கு, ஒரு வண்டியை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். மகளுக்காக என்றார்.

மகள் பெயர் கவியா. பதினெட்டு வயது. பிறவியிலேயே எலும்பு நொறுங்குகிற வியாதி. சாதாரணப் பிள்ளைக்கு ஒரு தட்டு என்பது அவளுக்கு முறிவு. இதுவரை இருபத்தாறு முறிவு என்று அம்சவள்ளி ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வேலூருக்குக் கூட்டிப் போகவேண்டும். போன முறை வாடகைக் காரில் போகும்போது ஒரு வேகத்தடையில் தோள்பட்டை எலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்தம்மா நாற்பத்தாறு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, டம்ளரோடு கார் தேடி அலைந்திருக்கிறார். வேலூருக்கு மட்டும்தான் எடுப்பேன், மற்ற நாளில் உறை போட்டு ஷெட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்றார்.

மூன்று வாரம் அந்தக் காரோடு கிடந்தேன். லாரிக்காரர்கள் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் ஒரு படி முந்திரிக்கொட்டை. உடையார்பாளையத்து எலி சேமித்து வைத்தது. அது போதாதென்று வயரின் மேல்தோலையும் தின்றிருந்தது. தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாயைத் தொட்டேன், முறுக்கு மாதிரி உடைந்து கையில் வந்தது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளை. டைமிங் பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இன்னும் நூறு கிலோமீட்டர் போயிருந்தால் அறுந்து இன்ஜினையே தின்றிருக்கும். அந்த டம்ளர் பயணத்தில் அது அறாமல் இருந்தது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இத்தனை அழுகலுக்கு அடியில் அந்த இன்ஜின் இருந்த இருப்பு. நூல் மாதிரி மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். கம்பெனியில் சிலிண்டர் சுவரில் இழுத்த குறுக்குக்கோடுகள் நேற்று இழுத்தவை போல மின்னின. நான் பார்க்கிற லாரி இன்ஜின்களில் அந்தக் கோடெல்லாம் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கும். எங்கோ பனி கொட்டுகிற ஊரில் ஒருவன் உட்கார்ந்து, முகம் தெரியாத யாருக்காகவோ இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்து வைத்திருக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி இருசம்மாள் போன் செய்து, அந்தக் காருக்கே தாலி கட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

பெல்ட், குழாய், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பேட்டரி, காய்ந்த ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினேன். வடிகால் துளைகளில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது கீழே சரசரவென்று வடிவதைக் குனிந்து பார்த்தேன். வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்துக் கட்டினேன். டயரை மட்டும் மாற்றவில்லை. ரோட்டில் பதிந்து தேய்கிற பட்டன் அப்படியே புதுசாக இருந்தது. லாரிக்காரன் புத்தி, பட்டன் இருந்தால் டயர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் அம்சவள்ளி மகளையும் கூட்டிவந்தார். அப்போதுதான் கவியாவை முதலில் பார்த்தேன். பத்து வயசுப் பிள்ளை உயரம்தான். கண்ணின் வெள்ளை லேசாக நீலம் பாய்ந்திருந்தது. வியாதியின் அடையாளம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்சீட்டில் சுற்றிலும் தலையணை அடுக்கி, நடுவில் அவளை அம்சவள்ளி உட்கார வைத்த விதத்தைப் பார்க்கவேண்டும். ஒரு கை கழுத்தடியில், ஒரு கை தொடையடியில், மூச்சுப் பிடித்து, அவசரமே இல்லாமல். லாரி இன்ஜினைத் தூக்குகிறவன் கூட அவ்வளவு கவனமாகத் தூக்கமாட்டான்.

நான் ஓட்டினேன். அம்சவள்ளி பக்கத்தில். அரியலூரைத் தாண்டி பெரம்பலூர் ரோட்டில் ஏறினேன். இன்ஜின் சத்தம் பட்டுத்துணி கிழிகிற மாதிரி சன்னமாக, ஒரே சீராக இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு குறையும் இல்லை என்று அறிவித்தேன்.

பின்னாலிருந்து கவியா மெதுவாகச் சொன்னாள், "மாமா, பின்னாடி இடது சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவ தட்டுது. முப்பதுல போறப்ப தெரியுது. அம்பதுல மறஞ்சிடுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன், ஏசியை அணைத்தேன், காதைத் தீட்டிக்கொண்டு முப்பதில் ஓட்டினேன். ஒன்றுமில்லை. பாப்பா, ரோடு அப்படி என்றேன் கொஞ்சம் எரிச்சலாகவே.

"சத்தம் இல்ல மாமா. இங்க தெரியுது." இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். "ரோட்டோட தட்டு வேற வேற எடத்துல வரும். இது எண்ணிக்கிட்டே வருது."

ரோட்டோரம் நிறுத்தி ஜாக்கி போட்டேன். சின்னப் பெண்ணின் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் சக்கரத்தைக் கழற்றினேன். உள்பக்கச் சுவரில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். சுற்றிலும் ரப்பர் வெடித்து உள்நூல் தெரிந்தது. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும், செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்கிற நாலு எண்ணை அப்போதுதான் படித்தேன். கார் பிறந்த வருடமே டயரும் பிறந்திருந்தது. பட்டன் தேயவில்லை, ரப்பர் செத்துப் போயிருந்தது. வேலூர் ரோட்டில் நூறில் போகும்போது அது வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன்.

அவளைப் பார்த்தேன். தலையணைகளுக்கு நடுவில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வருடக் காது கேட்காததை, பதினெட்டு வருட எலும்பு கேட்டிருந்தது. அந்த உடம்பைக் குறை உள்ள உடம்பு என்றுதான் நான் அது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட ஆச்சரியம் பெரிதாக இருந்தது.

நாலு டயரும் புதுசாக மாற்றி முடிக்க புதன்கிழமை ஆயிற்று. வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். மறுபடி ஓட்டினோம், கவியா இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு மாமா" என்றாள். எந்த சர்வீஸ் சென்டர் எனக்குக் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டும் அதற்கு ஈடாகாது.

பட்டறைக்குத் திரும்பியதும் அம்சவள்ளி, இனி வண்டியை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தால் அதன்படி செய்துவிடுவேன், ஆஸ்பத்திரிப் பழக்கம் என்றார். பிறகு மதுரைவீரனிடமிருந்து போன் வர, பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். நான் காரின் பின்கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காகிதச் சீட்டை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். டயருக்குப் பட்டனைப் பார்க்காதே, நாலு எண்ணைப் பார். மாதம் ஒருமுறை கண்ணாடிப் பள்ளத்தைச் சுத்தம் செய். பூ போட ஆசையாக இருந்தால் உள்ளே சாமி படத்துக்குப் போடு, பானட்டுக்கு வேண்டாம். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கிற வேலையே கூடாது.

என்ன எழுதியிருக்கிறீர்கள், படியுங்கள் என்றாள் கவியா. படித்தேன். கடைசி வரி, வாரம் ஒருமுறையாவது நிறுத்தாமல் முப்பது கிலோமீட்டர் ஓட்டவேண்டும்.

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாரம்னு போடாதீங்க மாமா. தினமும்னு போடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் சுருக்கமாகச் சொன்னாள். வீட்டிலிருந்தே படித்து பிளஸ் டூவில் ஐந்நூற்று அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். அரியலூர் அரசுக் கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, தபாலில் படித்துக்கொள் என்கிறார். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம், அழுதுகொண்டே சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது என்றாள். இந்தக் கார் வந்தபோது நம்பிக்கை வந்ததாம், வேலூருக்கு மட்டும்தான் என்றதும் போய்விட்டதாம். "அம்மா தினம் பஸ்ல அரியலூருக்கு வருது. காரு ஷெட்ல நிக்கும், நான் வூட்ல கெடப்பேன். எங்க வூட்லேருந்து காலேஜ் சரியா முப்பது கிலோமீட்டர் மாமா."

நான் முடியாது என்றேன். எனக்கு வாய்தான் நீளமே தவிர, வண்டி விஷயத்தில் இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் பொய்யாக ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. நல்லாயிருக்கிற பாகத்தை மாற்றச் சொன்னதில்லை. செத்த பாகத்தை ஓடும் என்று சொன்னதில்லை. அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சொத்து. அதை விட, அந்தக் கல்லூரிப் படிக்கட்டில் அவளுக்கு ஒன்று ஆனால் அது என் கையெழுத்தால் ஆனது. அதையும் சொன்னேன். எலும்பு உடைந்தால் என்ன பண்ணுவாய் என்று நேராகவே கேட்டேன்.

"வூட்டுக்குள்ள இருந்துதான் இருபத்தஞ்சு தடவ ஒடஞ்சுது மாமா. ஒண்ணு தும்முனதுல." அவள் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

வாசலில் அம்சவள்ளி போனை வைத்துவிட்டுத் திரும்புவது தெரிந்தது. நான் பேனாவை எடுத்து 'வாரம் ஒருமுறையாவது' என்பதை அடித்தேன். மேலே 'தினமும்' என்று எழுதினேன். இத்தனை வருடமாக மற்றவர்களுக்கு உபதேசம் செய்தவன் எழுதிய முதல் பொய், அந்த நாலு எழுத்து.

அம்சவள்ளி சீட்டை வாங்கி, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து நின்று நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"தினமுமாண்ணே?"

"தினமும்" என்றேன்.

அவர் பின்சீட்டைப் பார்த்தார். கவியா காரின் கூரையில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். நல்லதுண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மாலை மதுரைவீரன் போன் செய்தார். பாப்பாவை காலேஜில் சேர்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டரைக்கு எனக்கு ஒரு வேலை. பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் ரோடு ஊருக்குள் நுழைகிற முக்குக்குப் போவேன். அங்கே ஒரு டீக்கடை. டீ குடிக்கிற சாக்கில் நிற்பேன். வெள்ளிக் கார் வரும். அம்சவள்ளி நாற்பதைத் தாண்டமாட்டார். பள்ளத்தில் இறங்குவதே தெரியாமல் இறக்கி ஏற்றுவார். நான் பார்த்த டிரைவர்களில் அவருக்கு இணை கிடையாது.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் யாருக்கும் வழிவிடுவதில்லை; ஆம்புலன்ஸுக்கே யோசித்துத்தான் விடுவார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அந்தக் காருக்குப் பின்னால் வருகிற டிப்பர் ஹாரன் அடிப்பதில்லை. எதிரில் வருகிறவன் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, நல்ல தாரை அதற்கு விட்டான். மதுரைவீரன் ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்கள் பட்டறைக்கு வந்த டிரைவர்களிடம் நான்தான் உளறி வைத்திருந்தேன். ஆனால் இவ்வளவு பேர், ஒரு நாளுக்கு இத்தனை நடை என்று அடித்துப்பிடித்து ஓட்டுகிறவர்கள், முகம்கூடப் பார்க்காத ஒரு பிள்ளைக்காகக் காலைப் பிரேக்கில் வைப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இருபது டன் கல்லோடு ஆறு டிப்பர் வரிசையாக நாற்பதில் ஊர்ந்து வந்ததை ஒரு நாள் பார்த்தேன். டீ டம்ளர் கையில் ஆறிப்போனது.

மூன்றாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கார் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதுரைவீரனின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அடித்துத் திருத்திய அந்த வரிதான் கண்ணுக்குள் நின்றது. அந்த நாலு எழுத்துக்காக அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கையில் இனி ஸ்பேனர் பிடிப்பதில்லை என்று இருசம்மாளிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் கார் பட்டறைக்குள் நுழைந்தது. அம்சவள்ளி தனியாக இறங்கினார். பின்சீட்டில் தலையணைகள் மட்டும் இருந்தன. முகம் தூங்காத முகம். வெள்ளிக்கிழமை வகுப்பில் பதில் தெரிந்து அவசரமாகக் கையைத் தூக்கி, இறக்கும்போது மேஜையில் பட்டு, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றார். இருபத்தேழாவது.

நான் அவரை முந்திக்கொண்டேன். இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் சொல்லும் துணிச்சல் போய்விடும் என்று தெரிந்தது. "நான் பண்ண தப்பும்மா. வண்டிக்கு வாரம் ஒரு தடவ போதும். தினமும்னு நான் பொய்யா எழுதுனேன்."

அம்சவள்ளி கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். மடிப்பில் கிழியாமல் இருக்க நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அடித்திருந்த இடத்தை என் பக்கம் காட்டினார்.

"அன்னைக்கே தெரியும்ணே. அடிச்சதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்க முடியாதா? டாக்டருங்க கையெழுத்தையே படிக்கிறவ."

பிறகு ஏன் அப்படியே செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார், சீட்டைப் பார்த்துக்கொண்டே.

"பாப்பா பொறந்ததுலேருந்து நான் பாக்காத டாக்டர் இல்ல. எல்லாரும் ஜாக்கிரதைன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. வெளிய கூட்டிட்டுப் போன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் கிரீஸ்.

அவர் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டுச் சாவியை நீட்டினார். "கொஞ்சம் சீக்கிரம் செக் பண்ணிக் குடுங்கண்ணே. கட்டோடவே போறேன்னு நிக்கிறா. நாளைக்குக் காலேஜ் இருக்கு."